குளியலறைத் தரைக்கு எந்த டைல்ஸ்? – திருவனந்தபுரத்து வீடுகளை முன்வைத்து ஒரு பாடம்

ஐந்தடி அகலமும் எட்டடி நீளமும் கொண்ட குளியலறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். திருவனந்தபுரத்து நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளிலும் அடுக்ககங்களிலும் இவ்வளவு பரவலானது. அதன் தரை 40 சதுர அடி. சுவர்களை ஏழடி உயரம்வரை டைல்ஸால் மூடுவதாயின், கதவின் இடத்தைக் கழித்தபின் ஏறத்தாழ 165 சதுர அடி தேறும். ஆக, வாங்கப்போகும் டைல்ஸில் ஐந்தில் ஒரு பங்கே தரைக்கு உரியது. கடைக்குச் செல்லும் குடும்பத்தாரின் பேச்சோ எஞ்சிய நான்கு பங்கைச் சுற்றியே அமைகிறது. சுவரின் நிறம், நடுவே ஓடும் பூவேலைப்பாட்டுப் பட்டை, கண்ணாடிக்குப் பின்னே வரவேண்டிய ‘ஹைலைட்டர்’ ஆகியவை ஒரு மணி நேரம் விவாதிக்கப்படுகின்றன. தரைக்குரியது கடைசி ஐந்து நிமிடத்தில், சுவருக்குப் பொருந்தும் நிறம் எது என்ற ஒரே கேள்வியுடன் முடிவாகிவிடுகிறது.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே நாம் சொல்ல விழைவது. சுவர் டைல்ஸ் தவறாக அமைந்தால் கண்ணுக்குத்தான் உறுத்தல். தரை தவறாக அமைந்தால் மனிதர் விழுவர், நீர் கீழிறங்கும், பணம் இருமுறை செலவாகும். உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் தவறி விழுவதால் உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவ்வாறு இறப்போரில் அறுபது வயதைக் கடந்தோரே மிகுதி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அறுபதும் அதற்கு மேலும் வயதுடையோரின் விழுக்காடு இந்திய மாநிலங்களிலேயே கேரளத்தில்தான் அதிகம்: 12.6. பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருக்க, பெற்றோர் இருவர் மட்டும் வாழும் வீடுகள் இந்நகரின் எந்தத் தெருவிலும் உண்டு. அவ்வீடுகளில் குளியலறையைப் புதுப்பிக்கும் செலவை அயலூரிலுள்ள பிள்ளைகளே ஏற்பதும், டைல்ஸின் படத்தைக் கைப்பேசியில் பார்த்தே ஒப்புதல் தருவதும் வழக்கமாகிவிட்டன. படத்தில் பளபளப்பு தெரியும், வழுக்கல் தெரியாது.

பழைய கட்டடக்காரரின் கணக்கு

திருவிதாங்கூரின் தலைநகராக 1795 வரை விளங்கிய பத்மநாபபுரத்தின் அரண்மனையைக் காணாத வாசகர் அரிதாகவே இருப்பர். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே, தமிழ்நாட்டு எல்லைக்குள் நின்றாலும், கேரள அரசின் பராமரிப்பில் உள்ள மாளிகை அது. அதன் கரிய தரை முகம் பார்க்கும் அளவுக்கு மின்னும். தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியவற்றைச் சேர்த்து இழைத்த தரை என்று வழிவழியாகச் சொல்வர். இன்று ‘கண்ணாடி போன்ற தரை’ வேண்டுமென்று கேட்போர் பலருடைய மனத்தில் இருப்பது இத்தகைய தரைதான்.

ஆனால் அந்த மின்னும் தரை நீர் புழங்கும் இடத்துக்கென அமைக்கப்பட்டதன்று. அக்காலத்தில் குளியல் குளக்கடவிலும் கிணற்றடியிலும் நடந்தது. அங்கே போடப்பட்டது உளியால் கொத்திய கருங்கல். வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வழவழப்பு, நீரருகே சொரசொரப்பு: இதுவே பழைய கொத்தனாரின் கணக்கு. குளியலறை வீட்டுக்குள் வந்து, படுக்கையறையோடு ஒட்டிக்கொண்டபோது, உலர்ந்த அறையின் தரையும் அதனுடன் உள்ளே நுழைந்துவிட்டது. கணக்கு பிசகிய இடம் அதுவே. கொத்திய கல்லிலும் பாசி படிந்தால் வழுக்கும் என்பது உண்மை. ஆயினும் திறந்த வெளியில் வெயில் அதனை நாள்தோறும் உலர்த்தியது. அடைத்த அறையில் அந்த உதவியும் இல்லை.

இந்நகரின் ஈரத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். இடவப்பாதி, துலாவர்ஷம் என ஆண்டுக்கு இரு பருவமழை பெறும் ஊர் இது. சிறு சன்னல் ஒன்று மட்டும் உள்ள குளியலறைத் தரை ஜூன், ஜூலை மாதங்களில் நாள் முழுவதும் உலர்வதே இல்லை. எனவே ‘நனைந்தால் எப்படி’ என்பது இங்கே அவ்வப்போது எழும் கேள்வியன்று. தரையின் இயல்பான நிலையே நனைந்த நிலை என்று கொண்டு தேர்வு செய்தல் வேண்டும்.

பெட்டியின் மேல் எழுதியிருப்பது

டைல்ஸ் என்ற ஒரே பெயரில் மிக வேறான பொருள்கள் விற்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறியும் முதல் அளவுகோல், டைல்ஸ் எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது என்பது. அழுத்தி வார்த்துச் சுட்ட டைல்ஸுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15622. தன் எடையில் அரை விழுக்காடு அல்லது அதற்கும் குறைவாக நீரை ஏற்பதுதான் கடையில் ‘விட்ரிஃபைடு’ என்று வழங்கப்படுவது. பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்பவை சுவருக்கானவை. இடைப்பட்ட செராமிக் வகைகளில் தரைக்கு ஏற்றவையும் உண்டு.

இதனை எடையாகக் கண்டால் எளிதில் விளங்கும். இரண்டு கிலோ எடையுள்ள விட்ரிஃபைடு டைல் ஏற்கும் நீர் அதிகம் போனால் 10 கிராம். அதே எடையுள்ள சுவர் டைல் 200 கிராமுக்கு மேல் குடித்துவிடும். சமையலறைத் தராசு உள்ள எவரும் மாதிரி டைல் ஒன்றை எடை பார்த்து, ஒருநாள் நீரில் மூழ்க வைத்து, துடைத்து மீண்டும் எடை பார்க்கலாம். ஆய்வகச் சோதனையின் துல்லியம் இதில் வாராது. ஆனால் சுவர் டைலைத் தரை டைல் என்று கொடுத்தால் தெரிந்துவிடும். சுவர் டைல்ஸ் மென்மையானவை, எடை குறைந்தவை. காலடிக்கும் வாளியின் விளிம்புக்கும் அவை ஈடுகொடா. மிச்சம் விழுந்த சுவர் டைல்ஸைத் தரைக்குப் போட்டுவிடலாம் என்று யாரேனும் ஆலோசனை கூறினால் மறுத்துவிடுங்கள்.

விட்ரிஃபைடு என்ற சொல் மட்டும் போதாது என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். நீரை உறிஞ்சாமை வேறு, வழுக்காமை வேறு. கூடத்துக்கென்று மெருகேற்றிய விட்ரிஃபைடு டைல் நீரை உறிஞ்சாது. அதனாலேயே சோப்பு நீர் அதன்மேல் மெல்லிய படலமாக நின்று காலை வாரிவிடும். குளியலறைத் தரைக்கு உரியது ‘மேட்’ எனப்படும் மங்கல் பரப்பு அல்லது நுண்ணிய சொரசொரப்புள்ள பரப்பு. ‘ஆன்டி-ஸ்கிட்’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது விளம்பரச் சொல்லாகவும் இருக்கலாம். அளவு என்ன என்று கேட்டல் வேண்டும்.

அந்த அளவு பெரும்பாலும் ஜெர்மானிய முறைகளின்படி தரப்படுகிறது. அவை இரண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்வோர் மிகுதி. ஆர்-9 முதல் ஆர்-13 வரை எண்ணிடும் முறையில், காலணி அணிந்தவர் எண்ணெய் தடவிய சாய்தளத்தில் நடந்து பார்ப்பார். எந்தச் சாய்வில் வழுக்கத் தொடங்குகிறது என்பதைக் கொண்டு எண் தரப்படும். தொழிற்கூடங்களையும் பொதுவிடங்களையும் மனத்திற்கொண்டு எழுந்த முறை அது. மற்றொன்று ஏ, பி, சி என மூன்று வகுப்பாகப் பிரிப்பது. அதில் வெறுங்காலுடன், சோப்பு கலந்த நீர் ஓடும் சாய்தளத்தில் நடந்து பார்ப்பர். ஏ வகுப்புக்குக் குறைந்தது 12 பாகைச் சாய்வையும், பி-க்கு 18 பாகையையும், சி-க்கு 24 பாகையையும் தாங்க வேண்டும். நாம் குளியலறைக்குள் வெறுங்காலுடன் செல்பவர்கள். ஆகவே நமக்குப் பொருந்துவது இரண்டாம் முறையே. பி வகுப்பு டைல் கிடைத்தால் அதுவே தக்கது. எழுத்து வகுப்பு இல்லாமல் ஆர் எண் மட்டும் தரப்பட்டிருந்தால் ஆர்-10-க்குக் குறையாமலும், முதியோர் உள்ள வீட்டில் ஆர்-11-ஆகவும் கேட்கலாம். ஆர்-9 குளியலறைக்கு உரியதன்று.

எந்த எண்ணும் எழுதப்படாத டைல் பிடித்துப்போனால் என் செய்வது? கடைக்காரரிடம் ஒரு மாதிரியைத் தரையில் வைக்கச் சொல்லி, நீரும் இரண்டு துளி ஷாம்பூவும் விட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, உடன் வந்தவரின் தோளைப் பற்றிக்கொண்டு பாதத்தை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

சொரசொரப்பு மிகுந்தால் நல்லதுதானே என்று எண்ணலாம். ஓரளவுக்கு மேல் நல்லதன்று. ஆழ்ந்த பள்ளங்களில் சோப்புக்கழிவும் அழுக்கும் தங்கும். நாள்தோறும் தேய்க்க முதியவருக்கு உடல்வலிமை இராது. அழுக்குப் படலம் ஏறிய சொரசொரப்பு டைல் மெருகு டைலைப் போலவே வழுக்கும். துடைப்பத்தால் ஒருமுறை தள்ளினால் சுத்தமாகும் அளவு நுண்மையான சொரசொரப்பே வேண்டத்தக்கது.

அளவும் நிறமும்

இரண்டடிக்கு நான்கடி டைல்ஸ் இன்று நாகரிகமாகக் கருதப்படுகின்றன. சுவரில் அவற்றை ஒட்டுவதில் குற்றமில்லை. தரையில் மட்டும் வேண்டா. குளியலறைத் தரை நீர்ப்போக்கியை நோக்கி நான்கு புறமிருந்தும் சரிய வேண்டும். பெரிய டைல் அவ்வாறு நான்கு திசையில் மடியாது. வெட்டித்தான் ஒட்ட வேண்டும், இல்லையேல் வாட்டம் குறையும். ஓரடிக்கு ஓரடி, அதாவது 300 மில்லிமீட்டர் அளவுள்ளவை வாட்டத்துக்கு எளிதில் இணங்கும். மேலும், டைல் சிறிதானால் இணைப்புக் கோடுகள் பெருகும். ஒவ்வொரு கோடும் காலுக்குப் பிடிமானம்.

நிறத்தைப் பற்றிச் சொல்ல இவ்வூர் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேரளத்தின் பெரும்பகுதியில் காணப்படும் வெட்டுக்கல்லுக்கு 1807-இல் ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டவர் பிரான்சிஸ் புக்கானன். மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில் கண்ட கல்லை வைத்தே அவர் அப்பெயரை வழங்கினார். இரும்பு மிகுந்த அம்மண்ணின் நிறம் சில கிணறுகளின் நீரிலும் இறங்குகிறது. வாளியில் பிடித்து வைத்த நீரின் அடியில் துரு நிறப் படிவு காணப்படும் வீடுகளில் வெள்ளை டைல்ஸ் ஆறு மாதத்தில் பழுப்பேறும். கருநிற டைல்ஸிலோ சோப்பின் வெண்படலம் உறுத்தும். இளஞ்சாம்பல், மணல் நிறம், இவற்றில் சிறு புள்ளிகள் கலந்தவை ஆகியன இரண்டையும் மறைக்கும். குடிநீர் வாரியத்தின் குழாய்நீரை மட்டும் பயன்படுத்தும் வீடுகளில் இத்தொல்லை குறைவு.

முதியோர் பொருட்டு இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். தரையும் சுவரும் கழிப்பிடப் பீங்கானும் ஒரே வெண்மையாக இருந்தால், பார்வை மங்கியவருக்குத் தரை எங்கே முடிகிறது, பீங்கான் எங்கே தொடங்குகிறது என்பது புலப்படாது. தரை ஒரு நிறம், சுவர் வேறொரு நிறம் என்று தெளிவாகப் பிரிந்திருப்பது அவர்களுக்குக் கைத்தடி போன்ற உதவி.

கல்லும் காரையும்

டைல்ஸை விட்டு இயற்கைக் கல்லை நாடுவோரும் உண்டு. கிரானைட் உறுதியானது, நீண்டகாலம் நிற்பது. ஆனால் மெருகேற்றிய கிரானைட் நனைந்தால் மிக வழுக்கும். தீச்சுடரால் மேற்பரப்பைப் பொரியச் செய்த ‘ஃபிளேம்டு’ வகையையோ, தோல் போன்ற மங்கல் பரப்புள்ள ‘லெதர்’ வகையையோ கேட்டு வாங்கலாம். கோட்டா கல்லும் கடப்பாக் கல்லும் மெருகின்றிக் கிடைக்கும்போது விலைக்கு நல்ல பயன் தருவன. சலவைக்கல் குளியலறைக்கு ஏற்றதன்று என்பதே நம் துணிபு. அது சுண்ணாம்புச் சத்தாலான கல். கழிப்பறை தேய்க்கும் அமிலத்தின் ஒரு துளி பட்டாலும் அரித்து மங்கிவிடும். வேலைக்கு வரும் அம்மாளிடம் இதற்கு ஒரு புட்டி, அதற்கு ஒரு புட்டி என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருக்க இயலாது.

ஆத்தங்குடி டைல்ஸின் மேல் மோகம் கொண்டோருக்கு: சிவகங்கை மாவட்டத்து அவ்வூரில் கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணக் கலவையை வார்த்து, சிமெண்ட்டால் நிரப்பி, சூளையில் சுடாமலே ஆக்கும் கைவேலை அது. அழகுக்கு நிகரில்லை. ஆயின் சிமெண்ட்டாலானதால் நீரையும் எண்ணெயையும் கறையையும் ஏற்கும். முன்கூடத்துக்கும் பூசையறைக்கும் அவை பொருந்தும். குளிக்கும் இடத்தில் வேண்டா. ரெட் ஆக்சைடு தரைக்கும் ஏறத்தாழ இதே தீர்ப்புதான். அதனை வெடிப்பின்றி இழைக்கத் தெரிந்த கைகளும் அருகிவிட்டன.

இந்நகரில் நாலாஞ்சிறையில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கரை இங்கே நினைவுகூர்தல் தகும். உள்ளூரின் ஈரேழு திசையிலும் அவர் கட்டிய வீடுகள் உள்ளன; உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகமும் அவர் கைவண்ணமே. ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருளால் கட்டிய வீடே சிறந்த வீடு என்ற காந்தியடிகளின் கருத்து அவரை வழிநடத்தியது. குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வரும் டைல்ஸ் நம் அன்றாடமாகிவிட்ட காலத்தில் அக்கருத்தை முழுமையாகப் பின்பற்றுவது கடினம். ஆனால் எந்தச் செலவையும் ‘இது தேவையா’ என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கும் பழக்கத்தை அவரிடமிருந்து கற்கலாம். குளியலறைச் சுவர் முழுவதற்கும் கூரைவரை டைல்ஸ் தேவையா? நீர் தெறிக்காத சுவரில் நான்கடி உயரம் போதாதா? அங்கே மிச்சமாகும் பணம் எங்கே செல்ல வேண்டும் என்பதை இனிக் காண்போம்.

டைலுக்குக் கீழே

டைல்ஸ் நீரைத் தடுக்கும் என்பது பரவலான மயக்கம். டைல் தடுக்கலாம், டைல்களுக்கு இடையிலான கோடு தடுக்காது. ஆண்டுகள் செல்லச் செல்ல அக்கோடுகளின் வழியே நீர் இறங்கியே தீரும். அதனை நிறுத்துவது டைலுக்குக் கீழே பூசப்படும் நீர்த்தடுப்புப் பூச்சு ஒன்றே. கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைப் பகுதியிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் தெருவீடுகளை எண்ணிப் பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் அவை. ஒரு வீட்டுக் குளியலறையின் கசிவு அடுத்த வீட்டுப் பூசையறைச் சுவரில் உப்புப் பூக்கும். அடுக்ககத்திலோ நம் தரை கீழ்வீட்டாரின் கூரை. டைல்ஸின் விலைக்கு வாங்கும் மகிழ்ச்சியை அண்டைவீட்டாரின் பகைக்கு விற்றுவிடும் நிலை இப்படித்தான் வருகிறது.

பழைய டைல்ஸின் மேலேயே புதியதை ஒட்டிவிடலாம் என்று சிலர் கூறுவர். செலவும் தூசியும் குறையும் என்பது மெய். கீழே கசிவே இல்லை, பழைய டைல் எங்கும் தட்டினால் வெற்றொலி எழவில்லை, தரைமட்டம் உயர்ந்தாலும் வாயிற்படியில் நீர் வெளியேறாது என்ற மூன்றும் உறுதியானால் அதனை ஏற்கலாம். ஒன்று பிசகினாலும் பெயர்த்தெடுப்பதே முறை. பெயர்த்தபின் குழாய்களையும் நஹானி டிராப்பையும் பார்த்து, துருப்பிடித்தவற்றை அப்போதே மாற்றிவிட வேண்டும். இன்னும் பத்தாண்டு தாங்கும் என்ற நம்பிக்கையில் பழைய குழாயின் மேல் புதுத்தரை போடுவது சிக்கனமன்று.

பூச்சு தரையோடு நின்றுவிடலாகாது. சுவரில் குறைந்தது ஓரடியும், நீர் பாயும் மூலையில் ஆளுயரமும் ஏற வேண்டும். பூச்சு காய்ந்தபின், நீர்ப்போக்கியை அடைத்து, இரண்டு விரற்கடை உயரம் நீர் தேக்கி, ஒருநாள், கூடுமானால் இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டும். கீழ்வீட்டுக் கூரையிலும் பக்கத்துச் சுவரிலும் ஈரம் படர்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனை முடியும் முன் ஒரு டைலும் ஒட்டப்படலாகாது. மேஸ்திரி அவசரப்படுவார், அவருக்கு அடுத்த வேலை காத்திருக்கும். நாம் அவசரப்படக் காரணமில்லை.

வாட்டம் மீட்டருக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை இருந்தால் நீர் தேங்காது. நடப்பவருக்கும் சரிவு உறுத்தாது. ஒட்டும் முறையிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. நீரை உறிஞ்சும் பழைய வகை டைல்ஸ் சிமெண்ட் பாலைக் குடித்துப் பிடித்துக்கொண்டன. விட்ரிஃபைடு டைல் எதையும் குடிக்காது. எனவே வெறும் சிமெண்ட்டில் அது உறுதியாகப் பிடிக்காமல் சில ஆண்டுகளில் பெயர்கிறது. அதற்கென உள்ள ‘டைல்ஸ் கம்’ பயன்படுத்துதல் வேண்டும்; ஐ.எஸ். 15477 என்ற குறி அதன் பையில் உள்ளதா என்று பாருங்கள். கலவையை டைலின் நான்கு மூலையிலும் நடுவிலும் பொட்டுப்பொட்டாக வைத்து ஒட்டும் வழக்கத்தை அனுமதிக்கலாகாது. பொட்டுகளுக்கு இடையே காற்று நிற்கும். பின்னர் நீரும் நிற்கும். பித்தளைக் குடம் ஒருநாள் கைதவறி விழுந்தால் டைல் பிளக்கும். ஒட்டி முடித்து இரண்டு நாள் கழித்து, ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பார்த்தால் எது உள்ளே வெற்றாக உள்ளது என்பது ஒலியிலேயே தெரியும்.

இணைப்பில் இடைவெளியே இல்லாமல் ஒட்டித் தருவதைத் தம் திறமையாகச் சொல்லிக்கொள்வோர் உளர். இடைவெளி தேவை, இரண்டு, மூன்று மில்லிமீட்டர். அதனை நிரப்ப சாதாரண கிரவுட்டைவிட எபாக்சி கிரவுட் விலை மிகுந்தது. ஆயினும் நீரையும் கறையையும் ஏற்காது, அமிலத்துக்கும் எளிதில் அரிபடாது. 40 சதுர அடித் தரைக்கு அதன் கூடுதல் செலவு பெரிதன்று. சுவரில் குறைத்த பணத்தை இங்கே செலவிடுங்கள்.

பணியைத் தொடங்கும் காலமும் பொருட்படுத்தத் தக்கது. நீர்த்தடுப்புப் பூச்சு உலர்ந்த பரப்பிலேயே பிடிக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்கள் இவ்வூரில் அதற்கு உகந்தவை. ஓணத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஜூலையில் தரையைப் பெயர்ப்பது நல்லதன்று.

செலவும் கடனும்

மீண்டும் நம் 40 சதுர அடிக்கு வருவோம். வழுக்காத, தரம் குறித்த டைல் மற்றொன்றைவிடச் சதுர அடிக்கு 40 ரூபாய் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். வெட்டுச் சேதத்துக்குப் பத்து விழுக்காடு சேர்த்து 44 சதுர அடி வாங்கினால் கூடுதல் செலவு 1,760 ரூபாய். எலும்பு முறிவுக்கு மருத்துவமனையில் ஒருநாள் அறை வாடகைக்கே இத்தொகை போதாது.

இரண்டு, மூன்று குளியலறைகளை ஒருசேரப் புதுப்பிப்போர் வங்கிக்கடனை நாடுகின்றனர். தனிநபர் கடனைக் காட்டிலும் வீடு புதுப்பிப்புக்கான கடனில் வட்டி பொதுவாகக் குறைவு, தவணைக்காலமும் நீளம். அதற்கு ஒப்பந்ததாரரின் மதிப்பீடு எழுத்தில் தேவைப்படும். அம்மதிப்பீட்டில் ‘குளியலறை வேலை, மொத்தம் இவ்வளவு’ என்று ஒற்றை வரி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெயர்த்தல், குழாய், நீர்த்தடுப்பு, தரை டைல்ஸ், சுவர் டைல்ஸ், ஒட்டுக்கூலி, கிரவுட் எனத் தனித்தனியே எழுதப்பட வேண்டும். அப்போதுதான் எதில் கை வைத்துக் குறைத்தார்கள் என்பது தெரியும். பெரும்பாலும் குறைவது கண்ணுக்குத் தெரியாத நீர்த்தடுப்பே. பணத்தையும் கட்டங்களாகவே கொடுங்கள். நீர் தேக்கிய சோதனையில் தேறும்வரை ஒரு கணிசமான பகுதியைக் கையில் வைத்திருப்பது உங்கள் உரிமை என்று தொடக்கத்திலேயே பேசி, எழுதிக்கொள்ளுங்கள்.

தாம் வாழும் வீட்டைப் பழுதுபார்க்கவோ புதுப்பிக்கவோ பெற்ற கடனின் வட்டிக்கு, வருமான வரிச் சட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 30,000 ரூபாய்வரை கழிவு பெறலாம் என்பது பழைய வரிமுறையைத் தேர்ந்தோருக்கான ஏற்பாடு. புதிய வரிமுறையைத் தேர்ந்தோருக்கு, தாம் வாழும் வீட்டைப் பொறுத்தவரை, இச்சலுகை இல்லை. கடன் பெறுமுன் தம் கணக்காயரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நன்று. எவ்வாறாயினும் ஜி.எஸ்.டி. எண் கொண்ட பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். வங்கிக்கும் அது வேண்டும். டைல்ஸில் குறை தெரிந்தால் கடையிடம் முறையிடவும் அதுவே ஆதாரம்.

டைல்ஸ் வந்திறங்கும் நாளில் பெட்டிகளை அடுக்கிவைக்கும் முன் ஒவ்வொரு பெட்டியிலும் அச்சிட்டுள்ள தொகுதி எண்ணும் நிறக்குறியும் ஒன்றாக உள்ளனவா என்று சரிபாருங்கள். ஒரே பெயர் கொண்ட டைல், சூளையிலிருந்து வேறொரு நாளில் வந்ததாயின், நிறத்தில் மயிரிழை வேறுபடும்; ஒட்டியபின் அவ்வேறுபாடு பளிச்சென்று தெரியும். நான்கைந்து டைல்ஸை உடையாமல் பரண்மேல் எடுத்து வையுங்கள். இன்றைய வடிவம் இரண்டாண்டில் கடையில் கிடைக்காது. பிற்காலத்தில் குழாய் பழுதுக்காக ஒரு டைலைப் பெயர்க்க நேர்ந்தால் அவையே கைகொடுக்கும். பெட்டியின் மூடியில் தொகுதி எண் உள்ள பகுதியைக் கத்தரித்து, பட்டியலோடு சேர்த்து, வீட்டுப் பத்திரங்கள் உள்ள கோப்பில் வைத்துவிடுங்கள்.